கோடையில் அமெரிக்க வரலாறு, அரசாங்கப் பாடம்: பெங்களூரிலிருந்தே முடிக்கலாமா?

ஜெயநகர் அப்பா:
மகள் டெக்சாஸில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருடம் முடித்துவிட்டுப் போன வாரம்தான் வந்தாள். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, லேப்டாப்பைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டுகிறாள். அமெரிக்க வரலாறு 6 கிரெடிட், அரசாங்கம் 6 கிரெடிட், இவை இல்லாமல் டிகிரி கிடையாதாம். கோடிங் படிக்கப் போன பெண்ணுக்கு இது எதற்கு என்றால், "மாநிலச் சட்டம்ப்பா" என்கிறாள். இந்தக் கோடையில் அங்குள்ள ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) ஆன்லைனில் இரண்டு பாடங்களைச் சேர்த்து எடுத்து, வீட்டிலிருந்தே முடித்துவிடுவதாகத் திட்டம். விசாவில் வில்லங்கம் வருமா? காசு தண்டமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பெல்லந்தூர் ராக்கோழி:
சார், இரண்டு வருடம் முன்னால் இதே கூத்தை நானும் செய்தேன். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் கோடை என்பது விடுமுறைக் கணக்கு. ஆகஸ்டில் திரும்பிப் போய் முழுநேரமாகப் படிக்கப் போகிறாள் என்றால் இப்போது படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எங்கிருந்து ஆன்லைனில் படித்தாலும் பிரச்சினை இல்லை. டெக்சாஸ் கல்லூரிகளில் பாட எண்கள் பெரும்பாலும் பொது: வரலாறு 1301, 1302, அரசாங்கம் 2305 மத்திய அரசு, 2306 டெக்சாஸ் மாநில அரசு. ஆனாலும் பணம் கட்டும் முன் அவள் பல்கலைக்கழக அட்வைசரிடம் "இந்த எண் செல்லும்" என்று மெயிலில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், வாய்வார்த்தை உதவாது.

இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டாம். 15, 16 வாரத்தில் ஓடும் பாடத்தை அஞ்சாறு வாரத்தில் பிழிந்து கொடுப்பார்கள், வாரம் மூன்று அத்தியாயம், ஒரு க்விஸ், ஒரு கட்டுரை, மற்றவர்கள் எழுதியதற்குப் பதில் வேறு எழுத வேண்டும். அங்கே இரவு 11:59 கெடு என்றால் நமக்கு மறுநாள் காலை 10:29. ஆகா, காலையில் எழுந்து எழுதலாமே என்றுதான் நானும் நினைத்தேன். சரியாக 9:50க்கு எங்கள் ஏரியாவில் கரண்ட் போனது, யுபிஎஸ் பீப் அடித்துக்கொண்டே செத்துப்போனது, க்விஸ் டைமர் மட்டும் நிற்காமல் ஓடியது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் மிச்சம் 7 கேள்வியை எப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

அல்சூர் ஏரிக்கரை:
நேராகவே கேட்கிறேன். அவர்கள் நாட்டுப் பெருமையை நம் பிள்ளைகள் டாலர் கட்டிக் கேட்க வேண்டுமா? நம் அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைச் சொல்லச் சொன்னால் முழிக்கிறதுகள்.

மல்லேஸ்வரம் வாத்தியார்:
தம்பி, பெருமை மட்டும் சொல்கிற பாடம் இல்லை அது. 1787இல் பிலடெல்பியாவில் எழுதிய சட்டத்திலேயே, பிரதிநிதிகள் சபை இடங்களுக்கு மக்கள்தொகையைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று ஆள் என்று எண்ணினார்கள். அதுவும் பாடத்தில் உண்டு. பகத் சிங் திந்த் வழக்கை அந்தப் பெண்ணைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த சீக்கியர். நீ வெள்ளையன் இல்லை, குடியுரிமை கிடையாது என்று 1923இல் அவர்கள் உச்ச நீதிமன்றமே சொன்னது. இந்தியர்களுக்கு அந்தக் கதவு சட்டப்படி திறந்தது 1946இல்தான்.

இதைப் படித்தால் நம் சட்டம் மறந்துவிடும் என்பதும் தலைகீழ். 1947இல் நம் அரசியல் நிர்ணய சபையின் சட்ட ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் அவர்கள் உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்ஃபர்ட்டரைப் பார்க்கிறார். அமெரிக்கச் சட்டத்தின் 'டியூ ப்ராசஸ்' (நியாயமான நடைமுறை) என்ற சொல் நீதிபதிகள் கையில் அளவுக்கு மீறிய அதிகாரத்தைக் கொடுக்கிறது, அது வேண்டாம் என்பது பிராங்க்ஃபர்ட்டர் கருத்து. அப்புறம்தான் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் நம் 21ஆவது பிரிவில் அந்தச் சொல் போய் 'சட்டம் வகுத்த நடைமுறை' என்ற பொருளில் வேறு வாசகம் வந்தது. சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும், அது நியாயமா என்று கேட்க முடியாது என்கிற நிலை 1978இல் மேனகா காந்தி வழக்கு வரை நீடித்தது. நெருக்கடி நிலையை நேரில் பார்த்த என் போன்றவர்களுக்கு அந்த ஒரு சொல்லின் விலை தெரியும். இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இது புரியும், ஒன்றை மட்டும் படித்தால் மனப்பாடம்தான்.

புத்தகச் செலவுக்குப் பயப்பட வேண்டாம் சார். ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் இரண்டு பாடத்துக்கும் முழுப் புத்தகம் இலவசம். ஆசிரியர் வேறு புத்தகம் சொன்னாலும் துணைக்கு ஆகும்.

ஜெயநகர் அப்பா:
எல்லோருக்கும் நன்றி. ஒரு பாடம் மட்டும் என்று பேசி முடித்தோம், அட்வைசருக்கு மெயிலும் போய்விட்டது. திந்த் கதையை நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது அவளே எனக்குப் படித்துக்காட்டினாள், 1936இல் எப்படியோ குடியுரிமை வாங்கிவிட்டாராமே! முதலில் 2306ஐ எடுக்கலாமா? மாநில அரசு என்பதால் சுலபமாக இருக்கும் என்கிறாள்.

பெல்லந்தூர் ராக்கோழி:
அங்கேதான் ஏமாறுவாள் சார். நாட்டின் சட்டத்துக்கு மொத்தமே 27 திருத்தம், டெக்சாஸின் 1876 சட்டத்துக்கு 500க்கும் மேல். சட்டசபையோ வழக்கமாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 140 நாள்தான் கூடும், க்விஸில் அதையும் கேட்பார்கள். 2305ஐ முதலில் எடுக்கட்டும். யுபிஎஸ் பேட்டரியை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.