ஃபைனல்_இதுதான்

ஈசூன் குடும்பக் குழு, வெள்ளி இரவு

தம்பி (10:52): அக்கா, தூங்கிவிட்டாயா? ப்ராஜெக்ட் போச்சு. நேற்று ஓடிய லாகின் பக்கம் இன்று திறக்கவே இல்லை. திங்கள் காலை ஒப்படைக்க வேண்டும்.

நான்: பழைய பிரதி எதுவும் இல்லையா?

தம்பி: நிறைய இருக்கிறது. ஃபைனல், ஃபைனல்2, ஃபைனல்_புதுசு, ஃபைனல்_இதுதான். எதில் லாகின் ஓடியது என்றுதான் தெரியவில்லை.

சின்ன மாமா: ‘இதுதான்’ என்று நீயே பெயர் வைத்திருக்கிறாயே, அதைத் திற.

தம்பி: உடைந்ததே அதுதான் மாமா.

நான்: வி.எஸ். கோடு எடிட்டரில்தானே ப்ரோக்ராம் எழுதுகிறாய்? லாகின் கோப்பைத் திற. இடது பக்கம் எக்ஸ்ப்ளோரருக்கு அடியில் டைம்லைன் என்று இருக்கும். நீ சேமித்தபோதெல்லாம் அதுவே ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கும். நேற்று இரவுடையதைப் பார்.

தம்பி (11:09): கிடைத்துவிட்டது!!! நாளைக்குத் தே தாரிக் என் செலவு.

நான்: தே தாரிக் இருக்கட்டும். நீ பிழைத்தது அதிர்ஷ்டத்தால். டைம்லைன் ஒரு கோப்புக்கு 50 பிரதிதான் வைத்துக்கொள்ளும், ஏன் மாற்றினாய் என்பதும் அதில் இருக்காது. மாற்றங்களைக் காரணக் குறிப்போடு பதிவு செய்து வைக்கும் கிட் என்ற மென்பொருள்தான் உனக்கு வேண்டும். லாகினை நேற்றைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, அந்த ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து ‘கிட் இனிட்’ என்று அடி. இப்போதே.

பெரியம்மா: யாருக்குக் கிட்னி? எந்த ஆஸ்பத்திரி?

சின்ன மாமா: கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள் அக்கா 😄 எனக்கும் ஒரு சந்தேகம். கிட், கிட்ஹப் இரண்டும் ஒன்றுதானே?

நான்: இல்லை மாமா. கிட் நம் லேப்டாப்பிலேயே ஓடுவது, இணையம்கூட வேண்டாம். லினக்ஸ் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் செய்தது. அதுவரை அவர்கள் அதே வேலைக்கு வைத்திருந்த பிட்கீப்பர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்காமல் போனதால், தாமே ஒன்று எழுதிவிட்டார். கிட்ஹப் 2008இல் வந்த இணையதளம், கிட் பதிவுகளை அங்கே ஏற்றி வைக்கலாம். இப்போது மைக்ரோசாஃப்ட் கையில்.

பெரியம்மா: நான் கோயில் அன்னதானக் கணக்கு எழுதியபோது வெள்ளை மையைத் தொடவே விடமாட்டார்கள். தப்பான தொகைமேல் ஒரு கோடு, பக்கத்தில் சரியான தொகை, தேதி, கையெழுத்து. அது மாதிரியா?

நான்: அதேதான் பெரியம்மா! ‘கிட் ரிவர்ட்’ என்று ஒரு கட்டளை உண்டு. பழைய பதிவை அழிக்காமல் அதற்கு ஓர் எதிர்ப்பதிவு போடும்.

தம்பி: இனிட் ஆச்சு. அடுத்து எல்லாக் கோப்பையும் சேர்க்க ‘கிட் ஆட் புள்ளி’தானே?

நான்: நில்! டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எங்கே வைத்திருக்கிறாய்?

தம்பி: .என்வ் கோப்பில்.

நான்: முதலில் .கிட்இக்னோர் என்று ஒரு கோப்பு உண்டாக்கு, கிட் சேர்க்கக் கூடாதவற்றின் பட்டியல் அது. அதில் .என்வ் என்று ஒரு வரி, இறக்கிய லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டருக்கு நோட்_மாட்யூல்ஸ் என்று ஒரு வரி எழுது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் பாஸ்வேர்டைப் பொதுவில் ஏற்றிவிட்டேன். அடுத்த கமிட்டில், அதாவது அடுத்த பதிவில், நீக்கினேன், ஆனால் வரலாற்றில் அப்படியே நின்றது. கடைசியில் பாஸ்வேர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. அன்று மேலாளர் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

தம்பி: சரி, எழுதிவிட்டேன். ஆட் போட்டேன். கமிட் அடித்தால் ‘நீ யார், சொல்’ என்கிறது!

சின்ன மாமா: 19 வயதாகிறது, நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான்: பெயரும் மின்னஞ்சலும் கேட்கிறது. ‘கிட் கன்ஃபிக்’ வரிகளை அதுவே காட்டியிருக்கும், அப்படியே அடி. ஒரு தடவை சொன்னால் போதும்.

தம்பி (11:31): கமிட் ஆச்சு! ‘அப்டேட்’ என்று எழுதினேன்.

நான்: எதை அப்டேட் செய்தாய்? இரண்டு வாரம் கழித்து உனக்கே புரியாது. இதுவும் இன்னொரு ‘ஃபைனல்_புதுசு’தான். ‘கிட் கமிட் --அமெண்ட்’ போட்டு மாற்று.

தம்பி: ‘லாகினை வியாழன் இரவு நிலைக்குத் திருப்பினேன், பாஸ்வேர்டு சரிபார்ப்பு ஓடுகிறது.’ போதுமா?

நான்: இதுதான் கமிட். இனி ஏதாவது ஒன்று ஓட ஆரம்பித்ததும் உடனே ஒன்று போடு. பிராஞ்ச், மெர்ஜ் எல்லாம் ஒப்படைத்த பிறகு பார்க்கலாம். நாளைக்குக் கிட்ஹப்பில் ஏற்றிவிடு, லேப்டாப்பே போனாலும் கவலையில்லை. பிரைவேட் என்று வைத்துக்கொள்.

தம்பி: அப்புறம் மற்ற மூன்று ஃபைனலையும் அழித்துவிடவா?

நான்: திங்கள் மதியம் அழி.

சின்ன மாமா: ஏன், கிட் மேல் நம்பிக்கை இல்லையா?

நான்: கிட் மேல் இருக்கிறது மாமா. இவன் மேல்தான் இல்லை.

பெரியம்மா: காலையில் தேக்கா மார்க்கெட் போகிறேன். யார் யாருக்கு நண்டு?