மார்க் ட்வைன் முறையில் வாழ்க்கைக் கதை: வரிசை இல்லாமல் சொன்னால் நிற்குமா?

மேலூர்_வாசகன்:
அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் தன் கதையைப் பிறப்பிலிருந்து தொடங்காமல், அன்றன்றைக்கு மனசில் வந்ததைச் சொல்லிக்கொண்டே போனார் என்று படித்தேன். மேலூர்ப் பக்கம் 82 வயதுப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை அப்படிப் பதிவு செய்யலாமா? வருஷ வரிசையில் கேட்டால் பள்ளிக்கூடத்தைத் தாண்டுவதற்குள் அவருக்குச் சலித்துவிடுகிறது. வரிசையை விட்டால் எல்லாம் குவியலாகிவிடுமோ என்று பயம்.

வைகை_வடகரை:
தாராளமாகச் செய்யலாம். ஆனால் ட்வைன் மனம்போன போக்கில் பேசினார் என்பது பாதி உண்மைதான். 1870-களிலிருந்தே எழுத ஆரம்பித்து ஆரம்பித்துக் கைவிட்டவர். 1904-ல் ஃபிளாரன்ஸில் வாயால் சொல்லிப் பார்த்தபோதுதான் வழி பிடிபட்டது. 1906 ஜனவரியில் நியூயார்க்கில் முறையாகத் தொடங்கினார். காலையில், பெரும்பாலும் கட்டிலில் சாய்ந்தபடி பேசுவார். ஜோசஃபின் ஹாபி சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்து தருவார். அதை ட்வைனே பேனாவால் திருத்துவார். அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆல்பர்ட் பிகலோ பெயின் உட்கார்ந்து கேட்பார். கேட்க ஆள் வேண்டும், இது முக்கியம். செல்போனை மட்டும் முன்னால் வைத்துவிட்டுப் போனால் எந்தப் பெரியவருக்கும் பேச்சு வராது.

குவியலாகாமல் காத்தது இன்னொன்று: ஒவ்வொரு நாள் பேச்சின் தலைப்பிலும் அன்றைய தேதி இருக்கும். அன்றைய பத்திரிகைச் செய்தி, வந்த கடிதம் என்று கையில் இருப்பதைப் பிடித்துப் பழசுக்குப் போவார். மகள் சூசி 13 வயதில் அப்பாவைப் பற்றி எழுதிய குறிப்பையும் எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே உள்ளே சேர்த்தார். பெரியவர் 'அங்கிட்டு', 'வந்தாக' என்று சொன்னால் நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

செல்லூர்_ஏடு:
செய்முறை சொல்கிறேன். ஒரு அமர்வு முக்கால் மணி நேரம், வாரம் மூன்று நாள் போதும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அதனால் எழுதி முடிக்காமல் அடுத்த அமர்வுக்குப் போகாதீர்கள். ஒலிப்பதிவு மலைபோல் சேர்ந்துவிட்டால் யாரும் தொடமாட்டார்கள். எழுதியதைப் பெரியவருக்கே வாசித்துக் காட்டுங்கள். விட்டுப்போனது அப்போதுதான் வெளியே வரும்.

ஒவ்வொரு தாளிலும் இரண்டு தேதி: சொன்ன நாள், நடந்த காலம். வருஷம் கேட்டால் பெரியவர்கள் தடுமாறுவார்கள். வைகை அணை திறந்ததற்கு (1959) முந்தியா பிந்தியா, மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது (1981) மூத்த பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டால் வருஷம் தானாக விழும்.

மேலூர்_வாசகன்:
நன்றி. முடிந்த பிறகு வருஷப்படி அடுக்கிவிடலாமா?

வைகை_வடகரை:
வேண்டாம். சார்லஸ் நைடர் என்ற பதிப்பாசிரியர் 1959-ல் ட்வைன் சொன்னதை அப்படித்தான் அடுக்கினார். வாசிக்க எளிதுதான், ஆனால் இன்றைய செய்தி எந்தப் பழைய நினைவைக் கிளப்பியது என்ற இழை அதில் அறுந்துபோனது. 2010 முதல் 2015 வரை மூன்று தொகுதிகளாகக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட பதிப்புதான் சொன்ன வரிசையைக் காப்பாற்றியது. பேச்சை அப்படியே விட்டு, வருஷ அட்டவணை ஒன்றைத் தனியாகப் பின்னால் சேருங்கள்.

தல்லாகுளம்_தமிழ்:
வரிசைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. உ.வே.சா. 'என் சரித்திரம்' தொடரை 1940-ல் ஆனந்த விகடனில் தொடங்கியபோது அவருக்கு 84 வயது. முன்னோரிலிருந்து வரிசையாக, அருமையாக எழுதினார். 1942 ஏப்ரல் 28-ல் மறைந்தபோது 122 அத்தியாயம் ஆகியிருந்தும் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியைத்தான் எட்டியிருந்தது. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நம் மதுரையில் தமிழ்ச் சங்கம் தொடங்கிய காலத்துக்கு அது வந்து சேரவே இல்லை. 82 வயதுக்காரரிடம் முதலில் எதைச் சொல்ல ஆசை என்று கேளுங்கள்.

சொத்துத் தகராறு, சாதிப் பகை போன்றவற்றைத் தனி உறையில் வையுங்கள். ட்வைன் முழுவதையும் தான் இறந்து நூறு ஆண்டு வெளியிட வேண்டாம் என்றார். ஆனாலும் 1906-07-ல் ஒரு பத்திரிகையில் 25 பகுதிகளை அவரே தேர்ந்து வெளியிட்டார். எது இப்போது, எது பிறகு என்பதை அந்தந்த அமர்வு முடிந்ததுமே பெரியவரிடம் கேட்டுத் தாளின் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.