புறங்கால் உயர்ந்த பாதத்துக்கு எந்த முறையில் சாக்ஸ் பின்னலாம்?

அம்மாவுக்கு ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் பின்னிக்கொண்டிருக்கிறேன். முதல் சாக்ஸை விரல் நுனியிலிருந்து தொடங்கி, குதிகாலை ஷார்ட் ரோ முறையில் (வரிசையை முழுதாக முடிக்காமல் இடையிலேயே திருப்பிப் பின்னுவது) முடித்தேன். பார்க்க அழகாக வந்தது, ஆனால் போட்டுப் பார்த்தால் புறங்காலில் இறுக்கிப் பிடிக்கிறது, நடக்கும்போது குதிகால் பகுதி பாதத்துக்கு அடியில் இறங்கிவிடுகிறது.

அளவு தவறில்லை என்றுதான் நினைக்கிறேன். பாதத்தின் சுற்றளவு 22 செ.மீ. வட்டப் பின்னலில் மாதிரி போட்டுப் பார்த்தபோது 10 செ.மீ.க்கு 32 கண்ணிகள் வந்தன. அதனால் 64 கண்ணிகள் எடுத்தேன், அதாவது 20 செ.மீ. சாக்ஸ் காலைப் பிடித்து நிற்க அந்தக் குறைவு வேண்டும் அல்லவா?

கணுக்காலிலிருந்து கீழே பின்னி, ஹீல் ஃபிளாப் (குதிகாலின் பின்புறத்தை மூடும் பட்டை), கசெட் (பாதத்தின் இரு பக்கமும் கூடுதல் இடம் தரும் முக்கோணப் பகுதி) வைத்தால் சரியாகும் என்று தோன்றுகிறது. ஃபிளாப்பைக் கொஞ்சம் நீளமாக்கினால் ஓரத்தில் கூடுதல் கண்ணிகள் எடுக்கலாம், புறங்காலுக்கு இடம் கிடைக்கும். ஆனால் விரலிலிருந்து மேலே போவதில் அவ்வப்போது போட்டுப் பார்க்கலாம், நூல் தீரும்வரை கணுக்காலை நீட்டிக்கொள்ளலாம். அந்த வசதியை விட மனமில்லை.

விரலிலிருந்து தொடங்கியே கசெட் வைத்தவர்கள் இருக்கிறீர்களா? கண்ணி கூட்டுவதை எந்த இடத்தில் ஆரம்பிக்கிறீர்கள்? பாத நீளத்தைக் கணக்கிடுவதில்தான் எனக்குக் குழப்பம். அல்லது ஷார்ட் ரோவுக்கு முன் இரு பக்கமும் சில கண்ணிகள் மட்டும் கூட்டினால் போதுமா? அப்புறம், பின்னியதைப் பிரிக்க நான் தயார். அம்மா நாள் முழுக்கப் போட்டிருக்கும்படி வந்தால் போதும்.