இணைப்புகளைத் தொடர்ந்து போகும்போது வழி தவறாமல் இருப்பது எப்படி?

அல்சூர் வாசகி:
பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பின் மூத்தோர் சிலருக்கு மடிக்கணினியில் தமிழ் படிக்கக் கற்றுத்தருகிறேன். விக்கிப்பீடியாவில் புறநானூறு கட்டுரையில் தொடங்கி, இணைப்புகளைச் சொடுக்கிக்கொண்டே போய், எங்கிருந்து வந்தோம் என்பது தெரியாமல் திகைத்து, எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள். சில தளங்களில் 'பேக்' பொத்தானும் உதவுவதில்லை. இதை அவர்களுக்கு எப்படி விளக்கலாம்?

ஜெயநகர் வடிவமைப்பாளர்:
அம்மா, உலாவியின் மேலே வரிசையாகத் தெரியும் ஒவ்வொரு டேப்பும் தான் கடந்துவந்த பக்கங்களைத் தனியாக நினைவில் வைத்திருக்கும். ஓர் இணைப்பு புதிய டேப்பில் திறந்தால் அங்கே முன்வரலாறே இராது. ஆகவே பொத்தான் மங்கிக் கிடக்கும். அந்த டேப்பை மூடினாலே பழைய பக்கம் கிடைத்துவிடும் என்பதை முதலில் பழக்குங்கள். குரோம் உலாவியில் 'பேக்' பொத்தானை அழுத்திப் பிடித்தால் கடந்த பக்கங்களின் பட்டியலே விரியும். வேண்டிய இடத்துக்கு ஒரே தாவாகத் திரும்பலாம். சொடுக்குமுன் இணைப்பின்மேல் சுட்டியை வைத்தால் அது போகும் முகவரி திரையின் கீழ்மூலையில் தெரியும். என்னைக் கேட்டால், இந்த ஒரு பழக்கமே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

மல்லேஸ்வரம் நண்பர்:
செத்துப்போன இணைப்புகளைப் பற்றியும் சொல்லிவையுங்கள். டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் செர்ன் ஆய்வகத்தில் முன்வைத்த திட்டத்திலிருந்து வளர்ந்த வலையில் இணைப்பு ஒருவழிப் பாதை. யாரும் யாரிடமும் அனுமதி கேளாமல் இணைக்கலாம். வலை இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதனாலேயே, எதிர்ப்பக்கம் இடம் மாறினாலும் நீக்கப்பட்டாலும் இணைத்தவருக்குத் தெரியாமல் 404 என்ற பிழை வந்து நிற்கிறது. அப்போது முகவரியைப் படியெடுத்து பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் இட்டால், அந்தப் பக்கத்தின் பழைய நகல் பெரும்பாலும் கிடைக்கும்.

திரைவாசிப்பான் பயனர்:
பார்வையற்றவனான நான் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் என்விடிஏ என்னும் இலவச மென்பொருளால் படிக்கிறேன். கே விசையை அழுத்தினால் அடுத்த இணைப்பு, எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு என்று தாவலாம். இன்சர்ட்டையும் எஃப்7ஐயும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் இணைப்புகள் அனைத்தும் பட்டியலாக வரும். அந்தப் பட்டியலில் 'இங்கே சொடுக்கவும்' என்பதே பத்து முறை ஒலித்தால் எதைத் தேர்ந்தெடுப்பது? எழுதுபவர்கள், போகுமிடத்தின் பெயரையே இணைப்பாக இட வேண்டுகிறேன்.

அல்சூர் வாசகி:
மூவருக்கும் நன்றி. விக்கிப்பீடியாவில் சிவப்பாகத் தெரியும் இணைப்புகளும் செத்தவைதாமா?

ஜெயநகர் வடிவமைப்பாளர்:
இல்லை அம்மா. அந்தக் கட்டுரை இன்னும் எழுதப்படவில்லை என்பதே அதன் பொருள். சொடுக்கினால், அதை எழுதத் தொடங்கும் பக்கம் திறக்கும்.