பிபிசி மைக்ரோவில் புகை வந்த பிறகு நிற்காத ஓசை: எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது?

பொருநை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். பள்ளி ஒன்றின் ஆய்வுக்கூடப் பரணில் நெடுங்காலம் கிடந்த பிபிசி மைக்ரோ மாடல் பி (1980களின் பிரிட்டிஷ் கல்விக் கணினி), பழைய பொருள்களை ஏலம் விட்டபோது என் கைக்கு வந்தது. 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின்கீழ் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தவை இவ்வகைக் கணினிகளே. பதினோராம் வகுப்பில் நான்கு பேராக இதன் முன் அமர்ந்து பேசிக் மொழியில் முதல் வரியைத் தட்டியவன் என்பதால், இதை எப்படியாவது மீண்டும் இயங்க வைத்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதன்முறை மின்சாரம் கொடுத்ததும் திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' (32 கிலோபைட் நினைவகம்) என்ற வரி தெளிவாகத் தோன்றியது. இருபது நிமிடம் கழித்து இடப்பக்கத்தில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டு, மூக்கை எரிக்கும் புகை வந்தது, உடனே அணைத்துவிட்டேன். மறுநாள் ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்தபோது திரை வெறுமையாக இருந்தது. தாழ்ந்த ஓசை ஒன்று மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. புகை வந்த கோளாறு மதர்போர்டையும் கெடுத்திருக்குமா?

பற்றாசு:
புகையும் ஓசையும் ஒரே கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் கணினியின் ஆஸ்டெக் பவர் சப்ளையில் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக 0.01, 0.1 மைக்ரோஃபாரட் அளவில் ரிஃபா நிறுவனத்தின் இரண்டு கெப்பாசிட்டர்கள் உள்ளன. உலோகம் பூசிய காகிதத்தைச் சுற்றி, ஒளி ஊடுருவும் பிசின் உறையில் அடைத்துச் செய்யப்பட்டவை அவை. ஆண்டுகள் செல்லச் செல்ல உறையில் மயிரிழை விரிசல்கள் விழுந்து, காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் 230 வோல்ட் பாயும்போது சூடேறி வெடிக்கிறது. இவை மின்சாரம் நுழையும் இடத்தில் குறுக்காக மட்டுமே இருப்பதால், வெடித்தாலும் கணினிக்குச் செல்லும் 5 வோல்ட் பெரும்பாலும் கெடுவதில்லை. புகை வரும்போதே கணினி ஓடிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

ஒன்று வெடித்திருந்தாலும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். மாற்றாகப் போடுவது 275 வோல்ட் ஏசிக்கு உரிய எக்ஸ்2 வகை (மின்வரியில் குறுக்காகப் போடுவதற்கான பாதுகாப்புத் தரம்) ஃபிலிம் கெப்பாசிட்டராக இருக்க வேண்டும்; கடையில் 400 வோல்ட் டிசி கெப்பாசிட்டரைக் கொடுத்து "இதுவும் தாங்கும்" என்று சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். பெட்டியைத் திறந்ததும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் எஞ்சியிருக்கிறதா என்று மல்ட்டிமீட்டரில் பாருங்கள்; இயங்கும்போது அதில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். வேலை முடிந்தபின் 60 வாட் சீரிஸ் பல்பு (மின்வரியில் தொடராக இணைத்த பழைய இழைப் பல்பு) வழியாகவே முதலில் மின்சாரம் கொடுங்கள். மதர்போர்டை உடனே இணைக்காமல், 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை 5 வோல்ட் வரியில் போட்டு ஒரு ஆம்பியர் சுமையில் அளந்து பார்ப்பது நல்லது.

வடகரை:
இத்தனை சிரமம் எதற்கு? புதிய 5 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்றை வாங்கி உள்ளே வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுமே.

பற்றாசு:
இந்தப் போர்டுக்கு மைனஸ் 5 வோல்ட்டும் வேண்டும். அது இல்லாவிட்டால் ஆர்எஸ்-423 தொடர்பு (பிற கருவிகளோடு தரவு பரிமாறும் சீரியல் போர்ட்) வேலை செய்யாது. அதைவிட, இரண்டு கெப்பாசிட்டரை மாற்றினால் இன்னும் பல ஆண்டு ஓடக்கூடிய அசல் உறுப்பைக் கழற்றி எறிய எனக்கு மனம் ஒப்பவில்லை.

நிலாமுற்றம்:
நிற்காத ஓசையைப் பற்றி நான் சொல்கிறேன். மின்சாரம் வந்ததும் எஸ்என்76489 ஒலிச் சில்லு தானாகவே தாழ்ந்த ஓசையை எழுப்பத் தொடங்கிவிடும். 6502 செயலி (போர்டில் ஐசி 1), ஐசி 51 என்னும் ரோம் சில்லில் உள்ள இயக்க நிரலை ஓட்டி அதை அடக்கிய பிறகுதான் நமக்குப் பழக்கமான உயர்ந்த 'பீப்' வரும். ஆகவே ஓசை நிற்கவில்லை என்றால், செயலி அந்த நிரலை ஓட்டவில்லை என்று பொருள். எந்தச் சில்லையும் சந்தேகிக்கும் முன், செயலியின் 8ஆம் காலுக்கும் (5 வோல்ட்) 1ஆம் காலுக்கும் (கிரவுண்ட்) இடையே மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். பவர் சப்ளையின் முனையில் அளப்பது போதாது. செயலியின் காலில் சரியாக இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஐசி 1, ஐசி 51 இரண்டையும் சாக்கெட்டிலிருந்து மெல்லக் கிளப்பி மீண்டும் அழுத்துங்கள். பரணில் கிடந்த கணினியில் கால்கள் கறுத்திருப்பதே முதற்காரணமாக இருப்பது வழக்கம்.

பொருநை:
இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு கெப்பாசிட்டர்களையும் மாற்றினேன்; சீரிஸ் பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கியது. பவர் சப்ளையில் 5.05 வோல்ட் இருந்தும் செயலியின் காலில் 4.6 வோல்ட் மட்டுமே வந்தது. சிவப்பு, கறுப்பு ஒயர்கள் போர்டில் செருகும் தகட்டு முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. அவற்றைச் சுத்தம் செய்து, தளர்ந்திருந்த கவ்விகளைக் குறடால் இறுக்கியதும் 4.98 வோல்ட் வந்தது. ஓசை நின்று 'பீப்' கேட்டது! ஆனால் திரையில் இப்போது 'பிபிசி கம்ப்யூட்டர் 16கே' என்று வருகிறது.

நிலாமுற்றம்:
மிகுந்த மகிழ்ச்சி. ஐசி 53 முதல் 68 வரையுள்ள பதினாறு 4816 நினைவகச் சில்லுகள் எட்டெட்டாக இரண்டு தொகுதிகளாக இயங்குகின்றன. அவற்றுள் ஒரு தொகுதியில் ஏதோ ஒன்று பதில் தரவில்லை என்பதால் கணினி தன்னை 16கே என்று எண்ணிக்கொள்கிறது. உங்கள் போர்டில் அவை சாக்கெட்டில் இருந்தால் முதலில் எல்லாவற்றையும் மீண்டும் அழுத்திப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால், இரு தொகுதிகளிலிருந்தும் ஒவ்வொரு சோடியாக இடம் மாற்றிப் போடுங்கள்: எந்த மாற்றத்துக்குப் பின் கணினி முற்றிலும் தடுமாறுகிறதோ, அந்தச் சோடியில்தான் கெட்ட சில்லு இருக்கிறது. சில்லுகளை சாக்கெட் இல்லாமல் போர்டில் நேரடியாகச் சால்டர் செய்திருந்தால் எதையும் பெயர்க்காதீர்கள். போர்டின் படத்தை இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.