திருப்பூரில் குடியிருந்தவர்கள் சொல்லுங்கள்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

ராயபுரம் லைன்வீடு:
நானே ஆரம்பிக்கிறேன். 2010 கார்த்திகை. ராமநாதபுரம் பக்கமிருந்து வந்து ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில், அதாவது தைத்த துணியில் குறை பார்க்கிற வேலையில் இருந்தேன். லைன் வீடு, பத்துக் குடும்பம், ரெண்டு கக்கூஸ், தெரிந்ததுதானே. வீட்டுக்காரர் டைலராக இருந்து மேலே வந்தவர். பின்பக்கம் இருபது மிஷின் போட்டுச் சொந்தக் கம்பெனி, வாசலில் புதுக் கார். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தால், அவரும் அவர் மனைவியும் டியூப்லைட்டுக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து, தைத்த பனியனில் நீட்டி நிற்கும் நூல் பிசிறை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மா குனியும்போதெல்லாம் கழுத்துச் சங்கிலி பனியன் குவியலில் விழுந்து சிக்குகிறது. எடுத்து முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டு மறுபடி வெட்டுகிறார்.

அப்புறம் அவர் எழுந்து வந்து என் கதவைத் தட்டினார். "தம்பி, தூங்கிட்டீங்களா? விடிஞ்சா ஷிப்மென்டுங்க. ஒரு கை குடுத்தீங்கன்னா முடிஞ்சிரும்." நான் மூச்சு விடாமல் படுத்திருந்தேன். ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு வந்த உடம்பு. ஆனால் அந்த மாசம்தான் அம்மா ஆபரேஷனுக்கு அவரிடம் எட்டாயிரம் வாங்கியிருந்தேன். காலையில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மாஸ்டர் மகள்:
2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவு வந்து 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை ஒரே அடியாக மூடினார்களே, அப்போது நான் பிளஸ் டூ. அப்பா டையிங் மாஸ்டர். அவர் நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு சாயம் இருக்கும். சாப்பிடும்போது கையைப் பார்த்தே என்ன ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன்: நேவி ப்ளூவா, மெரூனா என்று. மாசியில் ஒரு நாள் ரசஞ்சோறு பிசைகிறார், அஞ்சு நகமும் வெள்ளை. யாரோ வேறு ஆளின் கை மாதிரி இருந்தது. பரீட்சை என்ன எழுதினேன் என்று ஞாபகமில்லை, அந்தக் கை ஞாபகமிருக்கிறது.

கீழ்நொய்யல்:
மேலே எழுதின தங்கச்சிக்கு. வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாயம் எங்கே போனது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். "ஒரே அடியாக"வா? எத்தனை வருஷம் தவணை கொடுத்த பிறகு? நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் கட்டினது எங்கள் பாசனத்துக்கு. அதில் வந்து நின்றது சாயத் தண்ணீர். அந்த அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று விவசாயியே சண்டை போட்ட ஊர் எங்களுடையது. சென்னையிலிருந்து வந்த மச்சானுக்கு எங்கள் மரத்து இளநீர் வெட்டிக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "என்ன மாப்ள, உப்பு கிப்பு போட்டீங்களா?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். தாத்தா வைத்த மரம். இப்போது சாயத் தண்ணீரைச் சுத்திகரித்து அதையே திரும்பப் பயன்படுத்துகிறார்கள். முடியும் என்றால் அதை முதலிலேயே செய்திருக்கலாமே?

மாஸ்டர் மகள்:
அண்ணா, எங்கப்பா முதலாளி இல்லை. மாசச் சம்பளம்.

இடமாறுதல்:
பேங்க் வேலையில் மூன்று வருஷம் இருந்தேன். எண்ணெய்க்கறைச் சட்டையோடு வந்த ஒருவரை, "வரிசையில் வாங்க" என்று அதட்டினேன். எங்கள் கிளையிலேயே பெரிய கணக்கு அவருடையதுதான். அவர் வரிசையில் போய் நின்றார். என் அனுபவம் அவ்வளவே.

ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வீடு பார்க்கும்போது வாடகையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும், தொட்டி எத்தனை லிட்டர், போர் தண்ணி உப்பா என்று கேளுங்கள். "நாலு நாளைக்கு ஒருக்கா" என்றால் வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸுக்கு எழுத்து வாங்குங்கள். வேலைக்கு வருகிறவர்கள் ஷிப்டுக் கணக்கா, உருப்படிக்கு இவ்வளவு என்கிற பீஸ் ரேட்டா என்று தெளிவாகக் கேளுங்கள். சீசனில் பீஸ் ரேட்டு இனிக்கும், ஆர்டர் இல்லாத மாசம் கை காய்ந்துவிடும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று முதல் சனிக்கிழமைச் சம்பளத்திலேயே பாருங்கள். காதர்பேட்டைக் கடைகளில் பனியன் வாங்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது துணியின் கனம் எவ்வளவு என்று கேளுங்கள். செகண்ட்ஸ் (குறை என்று தள்ளின சரக்கு) என்றால் துணியைப் பார்ப்பதோடு விடாமல் அக்குள் தையலை இழுத்துப் பாருங்கள். சாயங்காலம் ஷிப்டு விடுகிற நேரத்தில் புஷ்பா தியேட்டர் பக்கம் வண்டியில் போகவே போகாதீர்கள்.

அனுப்பர்பாளையம்:
நான் இங்கேயே பிறந்தவன். பனியன் இல்லை, பாத்திரக்காரக் குடும்பம். போனஸ் வாங்கிக்கொண்டு தீபாவளிக்கு ஊரே காலியாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். மிச்சமிருக்கும் எங்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஒரு தீபாவளி மத்தியானம் ஸ்டேஷனுக்கு எதிரே, குமரன் நினைவகத்துப் பக்கம் டீ குடிக்க நிற்கிறேன். ஒரு கடை இல்லை. ஊருக்குப் போகாத பீகார் பையன் ஒருத்தன் வந்து, "அண்ணா, டீ எங்க கிடைக்கும்?" என்று தமிழில் கேட்கிறான். சொந்த ஊரில் எனக்கே தெரியவில்லை. கடைசியில் அவன் ரூமுக்குக் கூட்டிப் போய் ஸ்டவ் பற்றவைத்து இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தான். சர்க்கரை ரொம்ப அதிகம். பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

ராயபுரம் தம்பி, அந்த எட்டாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா இல்லையா?

ராயபுரம் லைன்வீடு:
இடமாறுதல் சார், நான் அந்த வீட்டைக் காலி பண்ணியே பல வருஷம் ஆகிறது. அட்வான்ஸ் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது.

அண்ணா, கொடுத்தேன். சனிக்கிழமைக்கு ஐநூறு, பதினாறு வாரம். கடைசி ஐநூறு கொடுக்கப் போனபோது அவர் இல்லை, அந்த அம்மாதான் வாங்கினார். சாயப்பட்டறை மூடி மூணு மாசம் ஆகியிருந்தது. மிஷின் எதுவும் ஓடவில்லை. அந்த அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.