புதுப்பிப்பு: ட்ரூபி நொதி அந்த யுரிடினை எப்படி எட்டுகிறது?

போன பதிவை ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். இ.கோலி பாக்டீரியாவின் ட்ரூபி நொதி, டிஆர்என்ஏவின் (புரதம் கட்ட அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் சிறு ஆர்என்ஏ) 55ஆம் இடத்தில் இருக்கும் யுரிடின் என்ற ‘எழுத்தை’, அதன் சற்றே மாறிய வடிவமான சூடோயுரிடினாக மாற்றுகிறது. அந்த யுரிடினோ, ‘எல்’ வடிவில் மடிந்த டிஆர்என்ஏ மூலக்கூறின் முழங்கை மடிப்புக்குள் புதைந்து கிடக்கிறது. நொதி அதை எப்படித் தொடுகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷன் படிக்கும் ஆறாம் படிவப் பிள்ளைகளோடு, 2001இல் வெளியான, ட்ரூபியும் டிஆர்என்ஏ துண்டும் ஒட்டியிருப்பதை முப்பரிமாணத்தில் காட்டும் படிக அமைப்பைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விடை பளிச்சென்று தெரிகிறது. டிஆர்என்ஏவின் 55, 56, 57ஆம் இடத்து எழுத்துகள் மூன்றும் வெளியே புரட்டப்பட்டிருக்கின்றன. 55 நேராக நொதியின் பள்ளத்துக்குள், வேதிவினையைச் செய்யும் 48ஆம் இடத்து அமினோ அமிலமான அஸ்பார்டேட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி உடனே கேட்டாள்: “சார், அப்போ மடிப்பே கலைஞ்சிடுமே?”

கலைகிறது! எனக்கு மெய்சிலிர்த்த இடம் இதுதான். ட்ரூபி இல்லாத இ.கோலி தனியாக நன்றாகவே வளர்கிறது, சாதாரண இ.கோலியோடு சேர்த்து வளர்த்தால் தோற்றுப்போகிறது. ஆனால் வேதிவினை செய்ய முடியாதபடி மாற்றிய ட்ரூபியைக் கொடுத்தாலே அது சாதாரண இ.கோலிக்கு ஈடுகொடுக்கிறது. ஆக, வேதிவினையைவிட, மடிப்பைப் பிரித்து, டிஆர்என்ஏ சரியாக மறுபடி மடிய வாய்ப்புக் கொடுப்பதே முக்கியமான வேலை. 2016இல் வந்த ஆய்வும் இதை உறுதிசெய்தது.

நீங்களும் பார்க்க, புரதத் தரவு வங்கியில் 1கே8டபிள்யூ (1K8W) என்ற குறியீட்டைத் தேடுங்கள். அடுத்து, பக்கத்து 54ஆம் இடத்தில் மெத்தில் சேர்க்கும் நொதியை எடுக்கப்போகிறோம்.